புதன், இரவு ஒன்பது

செங்காங் வீட்டில் தனியாகப் பேச
ஓர் அறைதான் உண்டு: பாம் ஷெல்டர்.
குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டியது.
இதுவரை விழாததால்
பொன்னி அரிசி மூட்டை, கழுத்தொடிந்த காற்றாடி,
தீபாவளிச் சரவிளக்கு, சின்னவளின் பழைய ஸ்கூட்டர்.
நடுவில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி, அதில் நான்.
கைப்பேசியை மைலோ டின்மேல் சாய்த்திருக்கிறேன்.

இரும்புக் கதவை முழுக்கச் சாத்தினால் வைஃபை செத்துவிடும்.
ஒரு சாண் திறந்து வைக்கவேண்டும்.
அந்த ஒரு சாண் வழியே
பரமேஸ்வரி பாத்திரம் கழுவுவது கேட்கிறது.
கழுவுவதை நிறுத்துவதும் கேட்கிறது.

திரையில் ஷமீலா. மணிக்கு எண்பது வெள்ளி.
முதல் வாரம் ஆங்கிலத்தில் கேட்டார்:
பதற்றம் ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை?
ஏழு என்றேன்.
ஏழு எங்கள் மாடி.
வேறு எண் வாயில் வரவில்லை.

மூன்றாம் வாரம் தமிழுக்கு வந்தோம்.
வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்றேன்.
"புளியா?" என்று நிறுத்தினார்.
பள்ளித் தேர்வோடு மடித்து வைத்த தமிழ் அவருடையது.
விளக்கவேண்டியிருந்தது:
யாரோ உள்ளே கைவிட்டுப் பிசைவதுபோல,
பிசையப் பிசையச் சக்கை தீராததுபோல.
எழுதிக்கொண்டார்.
என் கோப்பில் எங்கோ
தூங்கிய நேரத்துக்கும் தூங்காத நேரத்துக்கும் நடுவே
ஓர் எலுமிச்சை அளவு புளி இருக்கும்.

என் வேலை மின்தூக்கி.
பாதியில் நின்றால் ஓடுவேன்.
போய்ச் சேரும்வரை
உள்ளே மாட்டியவரோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும்.
தோ பாயோவில் சக்கர நாற்காலிப் பெரியவர்,
ஈசூனில் பீட்சா ஆறிக்கொண்டிருந்த பையன்,
எல்லாருக்கும் ஒரே பாட்டு:
விழாது. மூச்சை மெதுவா விடுங்க. வந்துகிட்டே இருக்கேன்.
பத்தொன்பது வருஷம்.
ஒருவராவது அதை நம்பினாரா என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.

பிப்ரவரியில், புக்கிட் பாஞ்சாங்கில்,
பதினான்காம் மாடி உயரத்தில், கிணற்றுக்குள்,
கையில் ஸ்பேனரோடு நானே நின்றுபோனேன்.
கயிறு சரி. பிரேக் சரி.
கால்தான் என்னுடையதாக இல்லை.
கீழிருந்து ஃபைசால் கத்தினான்: ஓக்கே ஆ, பிரதர்?
ஓக்கே என்றேன்.
நாற்பது நிமிஷம் ஓக்கே.

அதற்குப் பிறகு
பல் தேய்க்கக்கூட ஆள் வைக்கவேண்டும்போல் ஒரு அசதி.
விடுப்பு எடுத்தால் அசதி. எடுக்காவிட்டால் புளி.

இன்று ஷமீலா சொன்னார்:
மூச்சை மெதுவா விடுங்க.
சிரித்துவிட்டேன்.
நாலு சுவர், இரும்புக் கதவு,
பெட்டிக்குள் நான், பெட்டிக்கு வெளியே ஒரு குரல்.
ஏன் என்றார். சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
"எப்ப வருவீங்கன்னு அவங்க கேட்டா என்ன சொல்வீங்க?"

தெரியாதுன்னு சொல்லக்கூடாது.
சாப்பிட்டாச்சான்னு கேப்பேன்.
எந்த மாடி, யார் வீட்டுக்கு வந்தீங்க, ஏதாவது.
லைன் மட்டும்

திரை உறைந்தது.
ஷமீலாவின் கண் பாதி மூடியபடி நின்றது.
நான் முக்காலியைவிட்டு எழவில்லை.
அரிசி மூட்டை வாசம்.
குழாய் நின்றது.
கதவிடுக்கில் சோப்பு நுரையோடு ஒரு கை தெரிந்தது.
எட்டிப் பார்க்கவில்லை.
கதவை இன்னும் நாலு விரல் தள்ளிவிட்டுப் போனது.

"கேக்குதா? அண்ணே, கேக்குதா?"
கேக்குது.
"லைன் மட்டும்... அப்புறம்?"
கட்டாகாமப் பாத்துக்கணும்.

கொஞ்சநேரம் இருவரும் பேசவில்லை.
அதற்கும் சேர்த்துத்தான் எண்பது வெள்ளி.

"இப்ப எத்தனை?"
ஆறு என்றேன்.
ஆறாம் மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று
எனக்குத் தெரியாது.